தலைமாட்டுப் புத்தகம்

சில ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்கு டில்லியில் வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரி வாசம். பிளாஸ்க், போர்வை எல்லாம் யோசித்து எடுத்து வைத்த நான், புத்தகங்களை மட்டும் அலமாரியிலிருந்து அப்படியே அள்ளிக்கொண்டு போனேன். எது நல்ல புத்தகம் என்று நான் போட்டு வைத்திருந்த கணக்கு அங்கே மாறிப்போயிற்று.

முதலில் எடுத்தது புதுமைப்பித்தன். 'செல்லம்மாள்' தமிழின் தலைசிறந்த கதைகளில் ஒன்று என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஊரை விட்டுச் சென்னைக்குப் பிழைக்க வந்தவர், சாகக் கிடக்கும் மனைவிக்குப் பணிவிடை செய்யும் கதை. இரண்டு பக்கம் தாண்டவில்லை. "இதைக் கேக்கவாடா இங்க வந்து படுத்திருக்கேன்? மூடி வை" என்றார் அப்பா.

அடுத்து தேவனின் 'துப்பறியும் சாம்பு'. ஒன்றும் தெரியாமலே துப்புத் துலக்கிவிடும் அந்த அப்பாவியை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் சிரித்தால் தையல் வலிக்கிறதே! "வீட்டுக்குப் போய்ச் சிரிச்சுக்கறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

'பொன்னியின் செல்வன்' எனக்கு உதவியது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நாலு மணி நேரத்தை அதுதான் விழுங்கியது. 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகைத் தொடராக வந்த கதையல்லவா? அத்தியாயம் முடிகிற இடத்தில் ஒரு முடிச்சு விழும். காத்திருப்பவனுக்கு அது வரம். தூங்க வேண்டியவருக்குத் தொந்தரவு. "அப்புறம் என்ன ஆச்சு?" என்று அப்பா இரவு பதினொரு மணிக்குக் கேட்க, நர்ஸிடம் திட்டு வாங்கியது நான்.

கடைசியில் கைகொடுத்தது உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. அதுவும் தொடர்தான். 1940இல் ஆனந்த விகடனில் தொடங்கி, 1942இல் அவர் மறைந்ததால் முடியாமல் நின்றது. சின்னச் சின்ன அத்தியாயங்கள். எங்கே நிறுத்தினாலும் மனசு பதறாது.

சுகமான விஷயங்கள் மட்டுமா அதில் இருக்கின்றன? வறுமை இருக்கிறது, அம்மை நோய் இருக்கிறது, ஆசிரியரின் மரணம் இருக்கிறது. சிந்தாமணியைப் பற்றி 1880இல் சேலம் இராமசாமி முதலியார் கேட்ட கேள்வியில் தொடங்கி, 1887இல் அது அச்சாகி வரும் வரை ஏழு வருஷக் காத்திருப்பு இருக்கிறது. பின் எப்படி ஆறுதல் தந்தது?

எனக்குத் தோன்றும் விடை இதுதான். 'செல்லம்மா'ளில் நாமும் அந்த நோயாளியின் அறைக்குள்ளேயே அடைபட்டிருக்கிறோம்; வெளியே வர வழியில்லை. 'என் சரித்திர'த்தில் எண்பத்தைந்து வயதுப் பெரியவர் எல்லாவற்றையும் கடந்து வந்து, அக்கரையில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்கிறார். நடந்தது துக்கம்தான், ஆனால் சொல்கிறவர் பிழைத்திருக்கிறார். படுத்திருப்பவருக்கு அந்தக் குரல் ஒன்றே போதும். ஆறுதல் தருவது கதையில் நடப்பது அல்ல, கதை சொல்கிறவர் நிற்கும் இடம்.

1876இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறையும் பகுதி வந்தபோது நான் பக்கத்தைத் தள்ளப் பார்த்தேன். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. "தாண்டாதே, படி" என்றார். படித்தேன். கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

அது கனமான புத்தகம். ஊசி ஏற்றிய கையால் தூக்க முடியாது. வாய்விட்டுப் படிக்க ஒருவர் வேண்டும். சுற்றிலும் இந்திக் குரல்களே கேட்கும் வார்டில் அந்தத் தமிழே பாதி மருந்து என்று எனக்குப் பட்டது.

ஒரு நாள் சாயங்காலம் என் மகள், "நான் படிக்கிறேன் தாத்தா" என்று ஆசையாக வாங்கினாள். வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுகிற பெண். பக்கத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அப்பா பிழைத்து வீடு வந்துவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லித் தருவது அவர்தான். நாளைக்கு நான் படுத்தால் என் தலைமாட்டில் உட்கார்ந்து படிக்க ஆள் வேண்டுமே!