கரையில் ஒரு நீலப் பொட்டு

வில்லியனூர்ப் பக்கம் ஊசுடு ஏரிக்குக் காலையில் வருகிறவர்கள் பெரும்பாலும் பறவை பார்க்க வருகிறவர்கள். கழுத்தில் பைனாகுலர், கண் தண்ணீர்மேல். நானோ கரைச் சரிவில் மண்டியிட்டிருந்தேன். ஆடு ஓட்டிவந்த ஆயா நின்று, “என்னாப்பா, காசு கீசு வுட்டுட்டியா?” என்றார்.

“இல்ல ஆயா, இந்தப் பூவத்தான்...”

“விஷ்ணுகெரந்தியா! காய்ச்சலுக்குக் கசாயம் வைப்போமே.” அதோடு ஆட்டின் பின்னால் போய்விட்டார்.

விஷ்ணுகிராந்திப் பூ சட்டைப் பொத்தான் அளவுகூட வராது. ஆனால் அந்த நீலம்! சரளையும் காய்ந்த புல்லுமாகக் கிடக்கும் தரையில், வானத்தைக் கிள்ளிப் போட்டதுபோல. பூதக்கண்ணாடி வைத்தால் வேலைப்பாடு தெரிகிறது. ஐந்து இதழ்களும் ஒட்டி ஒரே வட்டத் தட்டு. நடுவில் வெளிறிய கண். அதைச் சுற்றி ஐந்து மகரந்தத் தாள்கள். சூல்தண்டு இரண்டு, அவை ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிளந்து நான்கு இழைகள். பூவைத் தாங்கும் காம்போ தையல் நூலைவிடத் தடிப்பில்லை.

இலையிலும் தண்டிலும் பட்டுப்போன்ற வெள்ளை மயிர். விரலால் தடவினால் பூனைக்குட்டியின் காது நினைவுக்கு வரும். வெயிலில் ஈரத்தை எளிதில் இழக்காமல் காப்பது இந்தப் போர்வைதான். கோடையில் மேலே எல்லாம் கருகினாலும் கட்டை வேர் உள்ளே உயிரோடு கிடந்து, மழை கண்டதும் துளிர்க்கும். தண்ணீர் தேங்கும் பாகூர் வயல்களின் நடுவே இதைத் தேடக் கூடாது. மேட்டையும் வெட்டவெளியையும் பார்க்க வேண்டும்.

இதன் சொந்தக்காரர்கள் சர்க்கரைவள்ளி, வள்ளைக்கீரை. படர்வதும் பற்றிச் சுற்றுவதும் அந்தக் குடும்பத்தின் வழக்கம். லின்னேயஸ் 1753-இல் இதையும் ‘சுற்றிக்கொள்வது’ என்ற பொருளுடைய பேரினத்தில்தான் வைத்தார். 1762-இல் பிரித்தெடுத்து, ‘சுற்றவிழ்ந்தது’ என்று பொருள்படும் எவால்வுலஸ் என்னும் பேரினத்தில் சேர்த்தார். எதையும் பற்றாத கொடிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

உச்சிவெயிலில் திரும்பி வந்தபோது அந்த இடத்தையே அடையாளம் தெரியவில்லை. தட்டுகள் சுருங்கியிருந்தன. முன்பே பூத்து முடித்த காம்புகள் சின்னக் காய்களோடு தரையை நோக்கி வளைந்திருந்தன.