கிழவியை மடக்கிய பிள்ளைகள்

1993 டிசம்பர் 7 அன்று ஸ்டாக்ஹோமில் நோபல் உரையாற்ற வந்த நாவலாசிரியர் டோனி மாரிசன், இலக்கியம் எதற்கு என்று விளக்கம் சொல்லவில்லை. கதை சொன்னார். ஊருக்கு வெளியே தனியாக வாழும் ஒரு கறுப்பினக் கிழவி. அடிமைகளின் மகள், பார்வையற்றவள், ஞானி என்று பேரெடுத்தவள். அவளை மட்டம்தட்ட இளவட்டங்கள் சிலர் வருகிறார்கள். கையில் இருக்கும் பறவைக்கு உயிர் இருக்கிறதா, இல்லையா என்று கேட்கிறார்கள். நெடுநேரம் மௌனமாக இருந்தவள், எனக்குத் தெரியாது, ஆனால் அது உங்கள் கையில்தான் இருக்கிறது என்கிறாள்.

பல நாடுகளில் உலவும் பழங்கதைதான். நம்மூர் மேடையென்றால் இந்த இடத்தில் கைதட்டல் விழும், பேச்சாளரும் அடுத்த கதைக்குத் தாவிவிடுவார். மாரிசன் தாவவில்லை. பறவையை மொழியாகவும் கிழவியை எழுத்தாளராகவும் கொண்டு, அதிகாரத்தின் கையில் மொழி சாகும் விதத்தைப் பேசுகிறார். ஒடுக்கும் மொழி வன்முறையைச் சொல்வதோடு நிற்பதில்லை, அதுவே வன்முறை என்கிறார். எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்தப் பகுதியைத்தான். எனக்கு உச்சம் இதற்கு அப்புறம்தான்.

சட்டென்று மாரிசன் பிள்ளைகள் பக்கம் போய்விடுகிறார். எங்கள் கையில் பறவையே இல்லை என்றால் என்ன செய்வாய் என்று அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். உன் சாமர்த்தியமான பதில் உன்னைத்தான் காப்பாற்றியது, எங்களுக்கு எதையும் தரவில்லை, ஒரு கதை சொல் என்று கோபப்படுகிறார்கள். என்ன கதை வேண்டும் என்று சொல்லப்போய், தாங்களே சொல்லத் தொடங்குகிறார்கள்: பனி பெய்யும் இரவில் வண்டி நிறைய அடிமைகள். வழியில் ஒரு விடுதி. விளக்கோடு ஒரு சிறுவனும், ரொட்டியும் இறைச்சியுமாக ஒரு சிறுமியும் வெளியே வருகிறார்கள். உணவோடு அவள் இன்னொன்றும் தருகிறாள்: வாங்குபவரின் கண்ணுக்குள் ஒரு பார்வை.

இதைக் கேட்ட பிறகுதான் கிழவி அவர்களை நம்புகிறாள். சேர்ந்து செய்த இந்தக் காரியம் எவ்வளவு அழகு என்று வியக்கிறாள். தன் ஞானிப் பாத்திரத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, பதிலை எதிராளி வாயால் சொல்லவைக்க ஒரு நாவலாசிரியரால்தான் முடியும். உபதேசமாக இருந்திருந்தால் முதல் பாதியோடு முடிந்திருக்கும்.

மாரிசனின் நாவல்கள் கடினம் என்று ஒதுக்கியவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். நோபல் பரிசின் இணையதளத்தில் அவர் குரலிலேயே இந்த உரை இருக்கிறது. வாசிப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.