முகமில்லாத உறையும் அதிலிருந்த பெயர்களும்

1980 அக்டோபரில் டாக்கிங் ஹெட்ஸ் என்ற நியூயார்க் ராக் குழு வெளியிட்ட ‘ரிமெய்ன் இன் லைட்’ இசைத்தட்டின் உறையில் நான்கு முகங்கள். நான்கின் மேலும் சிவப்புக் கட்டங்கள் அப்பிக் கிடக்கின்றன. யார் எவர் என்று சட்டெனப் பிடிபடாது. பேஸ் கிதார் வாசித்த டினா வேமத்தும் டிரம்ஸ் வாசித்த கிறிஸ் ஃப்ரான்ட்ஸும் எம்.ஐ.டி. கணிப்பொறியாளர்களோடு சேர்ந்து செய்த வேலை அது. முகத்தை அழித்தவர்கள் இவர்கள். ஆனால் முதற்பதிப்பில் பாடல்களை ஆக்கியவர்களாகப் பெரும்பாலும் இருந்த பெயர்கள் பாடகர் டேவிட் பைர்ன், தயாரிப்பாளர் பிரையன் ஈனோ என்ற இரண்டுதான். சண்டை வந்தது, பிற்பாடு வந்த பதிப்புகளில் குழு முழுவதும் சேர்க்கப்பட்டது.

இதை வெறும் ராயல்டித் தகராறு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தட்டு உருவான விதத்திலேயே ‘ஆக்கியவர் யார்’ என்ற கேள்வி ஆட்டம் கண்டுவிடுகிறது. பஹாமாஸின் நாசோவில் இருந்த காம்பஸ் பாயின்ட் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு இவர்கள் எழுதி முடித்த பாட்டு என்று எதையும் கொண்டுபோகவில்லை. ஆளுக்கொரு துண்டு; அதையே திரும்பத் திரும்ப வாசிப்பது. ராக் பாட்டில் சுர அடுக்கு மாறும்போதுதான் பல்லவி வருகிறது, உச்சம் வருகிறது. இங்கே பெரும்பாலும் ஒரே அடுக்கு, நகராமல் கிடக்கிறது. ஒருவர் விட்ட இடைவெளியில் இன்னொருவர் விழுகிறார். எந்தத் துண்டைத் திறப்பது எதை மூடுவது என்று கலவை மேசையில் முடிவாகும்போது பாட்டு பிறக்கிறது. ஃபங்க் இசைக்காரர்களுக்கு இது பழகிய சங்கதி. கிதார் நாயகனை நம்பி வளர்ந்த ராக்குக்கோ இது மையத்தைக் காலிசெய்கிற காரியம். (‘ஆசிரியன் இறந்துவிட்டான்’ என்று தொண்ணூறுகளில் நாமும் பக்கம் பக்கமாக எழுதினோம்; கட்டுரைக்கு மேலே அவரவர் பெயரை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.)

பைர்னின் வரிகள் இந்தக் காலியான மையத்துக்குள் நின்று பதறுகின்றன. ‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’ பாட்டில் வானொலிப் போதகர்களின் தொனியை எடுத்துக்கொண்டு, வீடும் மனைவியும் தனக்கு எப்படி வந்தன என்று விளங்காத ஒரு நடுத்தர வர்க்க ஆண் பேசுகிறான். உடம்பு ஆடிக்கொண்டிருக்கிறது, தன்னிலை கழன்று விழுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கவைத்ததுதான் தட்டின் சாதனை என்பேன்.

கறுப்பர்களிடமிருந்து திருடினார்கள் என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. நைஜீரியாவின் ஃபெலா குட்டியைக் கேட்டுத்தான் இந்தத் தாளத்துக்கு வந்தார்கள். இவர்களும் அதை மறைக்கவில்லை. மேடையில் ஃபங்கடெலிக்கின் பெர்னி வொரலைச் சேர்த்துக்கொண்டார்கள். திருட்டு என்ற சொல் எனக்குப் போதவில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. 1977இல் ராணுவம் ஃபெலாவின் கலகுட்டா வீட்டைக் கொளுத்தியது. ஜன்னல் வழியே வீசப்பட்ட அவர் தாய் ஃபுன்மிலாயோ அடுத்த ஆண்டு இறந்தார். அங்கே ஒரே தாளத்தில் நிலைத்து நிற்பது அரசை எதிர்த்து நிற்பது. நியூயார்க்கில் அதுவே தன்னை மறக்கும் வழியாகிறது. ‘லிஸனிங் விண்ட்’ மட்டும், அமெரிக்கர்களுக்குக் குண்டு அனுப்பும் ஒருவனின் பக்கம் போய் நிற்கத் துணிகிறது. அந்தத் துணிச்சல் மற்ற பாடல்களில் இல்லை.

1983இல் பெனினை விட்டுப் பாரிசுக்கு வந்த ஆஞ்செலிக் கிஜோ, 2018இல் இந்தத் தட்டை முழுசாகத் திரும்பப் பாடினார், ஆப்பிரிக்க மொழிச் சொற்களையும் சேர்த்து. டிரம்ஸ் வாசித்தவர்களில் ஃபெலாவோடு ஆண்டுக்கணக்கில் வாசித்த டோனி ஆலனும் ஒருவர். தாளம் வீடு வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். கிஜோவின் குரலில் தயக்கமே இல்லை, கொண்டாட்டம். ஆனால் தன் வீட்டிலேயே திகைத்து நின்ற அந்த மனிதன் அதில் காணாமல் போகிறான். எனக்கு அவனும் வேண்டியிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுத்தான் இப்போதெல்லாம் கேட்கிறேன்.