ஷோரூம் மெக்கானிக்கை யார் சோதிப்பது?

செக் இன்ஜின் லைட் எரிகிறதென்று ஒரு பெட்ரோல் கார் சர்வீஸ் சென்டருக்கு வருகிறது. ஸ்கேனரை மாட்டினால் பி0171 என்ற கோட். காற்றின் அளவுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று அதற்குப் பொருள். ஏன் என்பதை ஸ்கேனர் சொல்லாது. உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடும் மெக்கானிக் உண்டு. பெட்ரோல் அளவை இன்ஜின் கம்ப்யூட்டர் எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் ஃப்யூயல் டிரிம் அளவைப் பார்ப்பவரும் உண்டு. ஐடிலிங்கில் அது 20 சதவீதத்துக்கு ஏறி, 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால், பெரும்பாலும் வாக்குவம் ஹோஸில் எங்கோ காற்றுக் கசிவு. லோடு கூடக் கூட அளவும் ஏறினால் பெட்ரோல் பம்பையோ ஃபில்டரையோ சந்தேகிக்க வேண்டும். இந்த இருவரிடமும் ஒரே கம்பெனி கொடுத்த ஒரே நிலைச் சான்றிதழ் இருக்கலாம். என் புகார் அந்தச் சான்றிதழ் மீதுதான்.

கம்பெனிகளின் பயிற்சியை மட்டம் தட்டிவிட முடியாது. ஐடிஐயில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவை இரண்டு ஆண்டு படித்து, தொழிற்பழகுநராக ஷோரூமுக்குள் நுழையும் பையன் அங்கே பார்ப்பது வேறு உலகம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்ததோடு டீசல் கார்களின் புகைக்குழாய்க்குள் துகள் வடிகட்டி புகுந்தது. மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்களை வண்டியே கண்காணிக்கும் முறை 2023இல் இன்னும் இறுகியது. இவ்வளவு வேகத்துக்கு அரசுப் பாடத்திட்டம் ஈடுகொடுக்காது. மின்சாரக் காரில் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டர் வடியக் காத்திருந்து, மின்னழுத்தம் இல்லை என்று மீட்டரில் உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும். பட்டு அறியும் பாடமல்ல இது. இங்கே கம்பெனி காட்டும் கண்டிப்பு முற்றிலும் நியாயம்.

தேர்வு என்று வரும்போதுதான் கதை மாறுகிறது. பாடம் எழுதுவதும் நடத்துவதும் மதிப்பெண் போடுவதும் ஒரே கம்பெனி. சான்று பெற்றவர்கள் இத்தனை பேர் வேண்டும் என்று டீலரிடம் கணக்குக் கேட்பதும் அதுவே. யாரைத்தான் ஃபெயிலாக்க மனம் வரும்? அதே ஆள் வேறு பிராண்டுக்கு மாறினால், அந்தச் சான்றிதழுக்கு அங்கே பெரிய மதிப்பில்லை.

அமெரிக்காவில் மெக்கானிக்குகளுக்குச் சான்று தரும் அமைப்பாக 1972 முதல் இயங்கும் ஏஎஸ்இ எந்தக் கார் கம்பெனிக்கும் கட்டுப்பட்டதல்ல. அனுபவம் இருந்தால்தான் சான்று. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கேள்விகள் எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ரகம். ஸ்பானரைத் தொடாமலே பாஸாகலாம். ஜெர்மனியில் மூன்றரை ஆண்டு பட்டறையும் பள்ளியும் மாறி மாறி. முடிவில் முதலாளிக்கு வெளியே உள்ள தேர்வுக் குழு செய்முறையிலும் சோதிக்கிறது. எனக்குப் பிடித்தது இதுவே. ஆனால் ஓரிரு வருடத்தில் ஆள் மாறிவிடும் நம் ஷோரூம்கள் மூன்றரை ஆண்டுக்குப் பொறுக்காது. அங்கிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது வெளித் தேர்வாளரை மட்டும்தான்.

சம்பளத்தை விட்டுவிட்டு இதைப் பேசுவதும் வீண். முடித்த வண்டிகளின் எண்ணிக்கைக்கு இன்சென்டிவ் தரும் இடத்தில், ஒரு ஹோஸ் கசிவைத் தேடி இரண்டு மணி நேரம் செலவழித்தவர் அன்று நஷ்டப்படுகிறார். அதற்குள் இன்னொருவர் ஆயில் மாற்றி வண்டிகளை அனுப்பிவிடுவார். வகுப்பில் கற்ற பொறுமையை இந்தக் கணக்கு ஒரே மாதத்தில் மறக்கடித்துவிடும்.

அதனால் டீலர்கள் கோளாறு கண்டுபிடிக்கும் நேரத்துக்குத் தனியாகக் கூலி தர வேண்டும். கம்பெனிகள், வேண்டுமென்றே கோளாறு வைத்த காரை நிறுத்தி, வெளியாள் முன்னிலையில் தேர்வு நடத்த வேண்டும். வாகனத் துறைக்கென்றே ஒரு திறன் மேம்பாட்டு கவுன்சில் இந்தியாவில் இருக்கிறது; தேர்வாளரைத் தேடிப் புதிதாக அமைப்பு தொடங்க வேண்டியதில்லை. கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பில்லில் புதுப் பாகத்தின் பெயர் இருந்தால், பழையது கெட்டுவிட்டதென்று எந்தச் சோதனையில் தெரிந்தது என்று கேளுங்கள்.