தரையோடு ஆடிய போக்ஸ்
கூடைப்பந்தின் வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அது நெடியவர்களுக்கே உரிய ஆட்டம் என்ற எண்ணம் எங்கும் வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் காட்டியவர், அமெரிக்காவின் என்.பி.ஏ. தொழில்முறைப் போட்டியில் இதுவரை ஆடியவர்களிலேயே மிகவும் குள்ளமான மக்சி போக்ஸ். 1965-இல் பால்டிமோரில் பிறந்த அவருடைய உயரம் 160 செ.மீ.; 1987-இல் 12-ஆவது வீரராக அவரைத் தேர்ந்தெடுத்த வாஷிங்டன் புல்லட்ஸ் அணியில், 231 செ.மீ. உயரமுள்ள மனூட் போல் அவருக்குச் சக வீரர்.

இருவரும் அருகருகே நிற்கும் படம் உலகெங்கும் பரவியது. ஆனால் ஆராயத்தக்கது படமன்று, ஆட்டமே. போக்ஸ் வகித்த இடம் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறி, யாருக்கு எப்போது அது சேர வேண்டும் என்று முடிவு செய்பவரின் இடம். குள்ளமானவர் தட்டும் பந்து தரைக்கும் கைக்கும் இடையே குறைந்த தூரமே பயணிப்பதால், அது கைக்கு விரைவில் திரும்புகிறது. அதைப் பறிக்க வரும் நெடியவரோ இடுப்பை வளைத்துக் குனிய வேண்டியிருப்பதால், தம் வேகத்தை இழக்கிறார். எதிரணியின் பாயின்ட் கார்டை மைதானத்தின் முழு நீளத்துக்கும் விடாமல் நெருக்கிப் பந்தைத் தட்டிப் பறிப்பதிலும் இதே தாழ்நிலை அவருக்குக் கைகொடுத்தது.

சக வீரர் கூடை போட நேரடியாக வழிசெய்யும் பாஸுக்கு அசிஸ்ட் என்று பெயர். 14 பருவங்களில் 889 ஆட்டங்கள் ஆடிய போக்ஸின் கணக்கில் 6,726 அசிஸ்ட்கள் உள்ளன, சராசரியாக ஆட்டத்துக்கு 7.6. அவற்றைவிட வியக்கத்தக்கது, பந்தை எதிரணியிடம் இழக்கும் டர்னோவர் ஆட்டத்துக்கு இரண்டுகூட இல்லை என்பதே. இவ்வளவு பாஸ் கொடுத்தும் இவ்வளவு சிக்கனமாக ஆடுவது மிக அரிது. வளையத்தின் அடியில் நெடியவர்களால் அவர் தலைக்கு மேலாகவே பந்தை எறிய முடிந்தது என்ற குறை உண்மைதான். ஆனால் 1988-இல் புதிதாகத் தொடங்கப்பட்ட, அவர் அடுத்து ஆடிய சார்லட் ஹார்னெட்ஸ் அணியில், பின்னர் வந்து சேர்ந்த லாரி ஜான்சனும் அலான்சோ மோர்னிங்கும் உள்ளே நின்று அந்தக் குறையை ஈடுசெய்ய, போக்ஸ் வெளியே நின்று ஆட்டத்தை நடத்தினார். 1993-இல் அவ்வணி, லீக் ஆட்டங்களுக்குப் பிந்தைய பிளேஆஃப் கட்டத்தின் முதல் சுற்றில் பாஸ்டன் செல்டிக்ஸை வென்றது.

உயரம் மட்டுமே போதாது என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு: 2015-இல் டல்லாஸ் மேவரிக்ஸ் தேர்ந்தெடுத்த ஏழடிக்கும் மேற்பட்ட சத்னாம் சிங், என்.பி.ஏ. லீக் ஆட்டம் ஒன்றில்கூடக் களமிறங்கவில்லை. மதுரைக்கு மேற்கே பெரியகுளத்தில் கோடைதோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது. அந்த வட்டாரத்தில் ஆசை ஆசையாகப் பந்தெடுக்கும் சிறுவர்கள் நிறைய உண்டு. உடற்கல்வி ஆசிரியர்களும் பயிற்சியாளர்களும் அவர்களை அளவுகோலில் நிறுத்துவதற்கு முன், பந்தைக் கையில் கொடுத்து ஒரு முழு ஆட்டம் ஆடவிட்டுப் பார்க்க வேண்டும்.