கூர்ப்புக் கொள்கையும் லயத்துத் தொட்டிலும்

பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் சென்ற தவணையில் எழுதித் தந்த கட்டுரையில் இவ்வாறு ஒரு வாக்கியம் இருந்தது: “வலியது வாழும், மெலியது மாயும் என்பது இயற்கையின் சட்டமாதலால், எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் வளராமற் போவதில் வியப்பில்லை.” பிழையற்ற தமிழ், சந்தியும் வழுவவில்லை. ஆயினும் அவ்வாக்கியத்தை அப்படியே விட்டுத் தாளைத் திருப்பிக் கொடுக்க என் மனம் இடந்தரவில்லை. பசறைப் பகுதியில் லயமொன்றிற் பிறந்த பிள்ளை, தன் பிறப்பையே இயற்கையின் தோல்வியாக எழுதிவிட்டான். அவனுக்கு இவ்வெண்ணத்தைக் கற்பித்தவர் யாவர்? இவ்வெண்ணத்தோடு நம் இலக்கியம் எவ்வாறு பொருதியிருக்கிறது? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூர்ப்பு என்று நம் பாடநூல்களும் பரிணாமம் என்று தமிழகத்தாரும் வழங்கும் கொள்கையைச் சார்ள்ஸ் டார்வின் 1859-இல் நூலாக வெளியிட்டார். ‘தகுதியுள்ளவை பிழைத்தல்’ என்ற தொடரோ அவருடைய ஆக்கமன்று. ஹேர்பேட் ஸ்பென்சர் 1864-இல் படைத்தது. டார்வின் 1869-இல், தம் நூலின் ஐந்தாம் பதிப்பில், அதனை ஏற்றுக்கொண்டார். பின்னர் அது உடைமை வர்க்கத்தின் வாயிற் பழமொழியாயிற்று. உண்மையில் கூர்ப்பியலார் கூறும் தகுதி உடல்வலிமையன்று, அறிவுமன்று, செல்வமுமன்று. ஓர் உயிர் ஈனும் மக்களுள் எத்தனை பேர் பிழைத்துத் தாமும் மக்களை ஈனுகின்றனர் என்ற எண்ணிக்கையே தகுதி. அது ஒரு கணக்கு, நற்சான்றுப் பத்திரமன்று.

இக்கணக்கை நேர்மையாகப் போட்டால் விளைவது யாது? எட்டுப் பிள்ளைகளை வளர்த்தெடுத்த தொழிலாளி, ஒற்றைப் பிள்ளை பெற்ற துரையினும் தகுதி மிக்கவனாதல் வேண்டும்! மேல்வர்க்க அறிஞர்க்கு இஃது எட்டாமலில்லை. 1883-இல் பிரான்சிஸ் கால்டன் இனமேம்பாட்டியலுக்குப் பெயர் சூட்டினார். 1930-இல் புள்ளியியல் மேதை ரொனால்ட் பிஷர், உயர்ந்தோர் குறைவாகவும் தாழ்ந்தோர் மிகுதியாகவும் பெறுவதே நாகரிகங்களின் வீழ்ச்சிக்குக் காரணம் என்று தம் பெருநூலில் எழுதினார். ஏழையின் குழந்தை இறந்தால் அது இயற்கைத் தேர்வு. ஏழையின் குழந்தை பிழைத்தால் அது இனச் சீர்கேடு! இரு கைகளில் இரு தராசுகள்; இரண்டிலும் ஏழையின் தட்டே தாழும்.

இவ்விரு தராசுகளும் நம் மலைகளுக்கும் வந்து சேர்ந்தன. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டபொழுது, அவர்தம் ‘இயற்கைப் பெருக்க’த்தையும் உடன்சேர்த்தே பங்கிட்டது. தொட்டிலிற் கிடந்த பிள்ளையும் இனிப் பிறக்கவிருந்த பிள்ளையும் இரு அரசுகளின் பேரேட்டில் ஒரு பதிவாயின. 1953 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்குப் 12 பேராயிருந்த இந்திய வம்சாவளித் தமிழர், 2012-இல் நூற்றுக்கு 4 பேராயினர். கப்பலேற்றப்பட்டமையும், இலங்கைத் தமிழரெனப் பலர் தம்மைப் பதிந்துகொண்டமையும், பிறப்பு வீதம் குறைந்தமையும் இதற்குக் காரணங்கள். இக்காரணங்களை மறைத்துவிட்டு எண்ணை மட்டும் பார்ப்பவன், இம்மக்கள் தகுதியின்றித் தேய்ந்தனர் என்று கூசாமற் சொல்லுவான்.

என் மாணவன் வளர்ச்சியைப் பற்றியன்றோ எழுதினான்? அதனையும் பார்ப்போம். 2016-ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமற்ற குழந்தைகள் நாடளாவிய நிலையில் நூற்றுக்கு 17 பேர்; தோட்டங்களில் ஏறத்தாழ 32 பேர். இவ்வேறுபாட்டைப் பரம்பரையின் தலையிற் சுமத்துவது எளிது. ஆயின், பரம்பரையாக வரும் வேறுபாட்டின்மீதே இயற்கைத் தேர்வு தொழிற்பட முடியும் என்பது கூர்ப்புக் கொள்கையின் அரிச்சுவடி. தாய்க்குச் சோறு குறைந்ததால் நிறை குறைந்து பிறந்த பிள்ளையின் குட்டை உருவம் உயிரணுவில் எழுதப்பட்டதன்று, செக்ரோலில் எழுதப்பட்டது. அரைப் பேர் விழுந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் அப்பிள்ளையின் உயரம் தெரியும். 1973, 1974 பஞ்சத்தில் தோட்டங்களில் மரணங்கள் பெருகியதும் குறைந்த கூப்பனரிசியாலேயன்றிப் பரம்பரைக் குறையாலன்று.

மனிதரிடத்துக் கூர்ப்பு நின்றுவிட்டது என்று நான் வாதிடவில்லை. மார்க்சியச் சிந்தனையாளராகவும் விளங்கிய பிறப்புரிமையியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன், தலசீமியாப் பரம்பரை அலகு ஒன்றைச் சுமப்போர் மலேரியாவைத் தாங்கிநிற்கக்கூடும் என்ற கருத்தை 1949-இல் வெளியிட்டார். மெய்யான இயற்கைத் தேர்வு அத்தகையது. அது குலம் பார்ப்பதில்லை, கூலியும் பார்ப்பதில்லை. கூலி பார்த்துக் குழந்தையைக் கொல்வதற்கு வேறு பெயருண்டு. 1957-இல் இந்தியாவிற் குடியேறி 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த அவ்வறிஞரே, இனமேம்பாட்டியலின் பெயரால் நடந்த அரசியலை 1938-இல் தனி நூலொன்றிற் கண்டித்தவருமாவார்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’ 1935-இல் மணிக்கொடியில் வெளிவந்தது. வாசவன்பட்டியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வரும் மருதியின் உடல், இங்கே அதிகாரத்தின் உடைமையாகிறது. நோயும் இங்கேதான் பற்றுகிறது. தோட்டமுறை பெண்ணிடமிருந்து கறப்பது உழைப்பை மட்டுமன்று, அவளது தாய்மையையுமே என்பதனை அவ்வளவு முன்னதாகக் கண்ட கண் அவருடையது. ஆயினும் அக்கதையில் மருதி விதியின் கேணியில் விழுந்தவளாகவே பெரிதும் நிற்கிறாள். வாசகன் இரங்குகிறான், ‘ஏன்?’ என்று கேட்பதற்குள் இரக்கம் அவனை நிறைத்துவிடுகிறது.

அந்த ‘ஏன்’ என்ற வினாவை உள்ளிருந்து எழுப்பியவர் நமது பதுளை மாவட்டத்து ஊவாக்கட்டவளையில் 1934-இற் பிறந்து 2022-இல் மறைந்த தெளிவத்தை ஜோசப். அவருடைய ‘மீன்கள்’ என்ற சிறுகதையை இங்குள்ள எழுத்தாளர் ஒவ்வொருவரும் மீண்டும் மீண்டும் படித்தல் வேண்டும். ஒற்றைக் காம்பரா; அதில் கணவனும் மனைவியும் வளர்ந்துவிட்ட பிள்ளைகளும். மனிதன் தன் இல்லறத்தை இருளுக்குள் ஒளித்து வாழவேண்டிய அவலத்தையும், அவ்விருள் அவனை நாணத்தால் கூனச் செய்வதையும் கதை கூறுகிறது. ‘தோட்டத்துச் சனம் கணக்கின்றிப் பெறும் சனம்’ என்று ஏளனம் செய்த நாகரிகர்க்கு இதனினும் கூரிய விடையில்லை. சந்ததி பெருக்கும் உரிமை இயற்கை தந்தது. அதற்கு ஒரு சுவரும் கதவும் தரவேண்டியவன் தோட்ட உடைமையாளன். அவன் தரவில்லை என்பதே கதையின் வழக்கு. ஜோசப் முழக்கமிடவில்லை, அறையின் அளவைக் காட்டினார், அதுவே போதுமாயிற்று.

இத்தகைய எழுத்துக்குப் பின்னும் நம்மவர் பலர் பிள்ளைகள் நிறைந்த தாயை ஒரு நகைச்சுவையாகவோ ஒப்பாரியாகவோ மட்டுமே எழுதுவது வருந்தத்தக்கது. முற்போக்காளராகிய நாமும் ‘அளவோடு பெற்றிருந்தால் வறுமை வந்திராது’ என்ற பிரசாரக் கதைகளை எழுதியிருக்கிறோம். வறுமைக்குக் காரணம் கருப்பையே என்று கூறும் கதை, எழுதியவன் எக்கட்சியினனாயினும், மால்தசின் கதையே.

கருத்தடையை நான் எதிர்ப்பதாக எவரும் கொள்ளவேண்டா. 1930-இல் பெரியார் ‘குடி அரசு’ இதழில் கர்ப்ப ஆட்சியை ஆதரித்து எழுதியபொழுது, நாட்டின் பொருளாதாரத்தையன்று, பெண்ணின் விடுதலையையே முதற் காரணமாக வைத்தார். கேள்வி பிள்ளைகள் எத்தனை என்பதன்று. முடிவு எவருடையது என்பதே. 1980-களில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோர்க்கு இந்நாட்டு அரசு பணம் வழங்கியது. தோட்டங்களில் அச்சிகிச்சை பரவலாயிற்று. நாட்கூலிக்காரிக்கு நீட்டப்படும் பணம் தேர்வுரிமையன்று. பசியின்மேல் வைக்கப்பட்ட விலை. ‘மீன்கள்’ ஆணின் நாணத்தை எழுதிற்று. அப்பணத்தை வாங்கிக்கொண்டு லயம் திரும்பிய பெண்ணின் மனத்தை அதே உண்மையோடு எழுதும் கதையை நான் இன்னும் எதிர்பார்த்திருக்கிறேன். அதனை அத்தாயரின் மகள் ஒருத்தி எழுதுவாளாயின் நம் இலக்கியம் ஒரு படி ஏறும்.

என் மாணவனின் தாளில் அவ்வாக்கியத்தை நான் அடிக்கவில்லை. ‘இயற்கையின்’ என்ற சொல்லை மட்டும் வட்டமிட்டு, ‘எவருடைய சட்டம்? உன் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவிற் கேட்டு எழுதுக’ என்று ஓரத்திற் குறித்தேன். இரண்டு வாரங்கழித்து நான்கு பக்கங்கள் கொண்டுவந்தான். ஆயாவுக்குப் பொறுப்பான பிள்ளைகள் எத்தனை, மாப்பால் எத்தனை நாள் கிடைத்தது, தாய்மார் மலையிலிருந்து பாலூட்ட இறங்கிவர எவ்வளவு நேரமாகும் என்றெல்லாம் எழுதியிருந்தான். சந்திப் பிழைகள் பல இருந்தன. அவற்றை மகிழ்ச்சியோடு திருத்தினேன். ஆசிரிய நண்பர்களே, விஞ்ஞான ஆசிரியர் கூர்ப்பைக் கற்பிக்கும் அதே தவணையில் தமிழாசிரியர் ‘மீன்க’ளைக் கற்பிக்கட்டும். இரண்டையும் சேர்த்துப் படித்த பிள்ளை தன்னைத் தகுதியற்றவன் என்று இனி எழுதமாட்டான்.