பிறப்புரிமையும் பிறப்புரிமையியலும்

பரம்பரையலகுகளைப் பற்றிய அறிவியலுக்கு இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் பிறப்புரிமையியல் எனப் பெயரிட்டன. ஆக்கியோர் கருதினரோ இல்லையோ, உடல்வழி வருவதையும் சொத்துவழி வருவதையும் அச்சொல் ஒருங்கே தாங்குகிறது. இவ்விரண்டின் பிணைப்பை மறந்தால் ஆய்வு எங்கே குறைபடும் என்பதற்குப் பொப் சிம்ப்சன் 2004இல் வெளியிட்ட ‘சாத்தியமற்ற கொடைகள்’ என்னும் மானிடவியற் கட்டுரையைச் சான்றாகக் கொள்ளலாம்.

உடலையும் அதன் கூறுகளையும் வழங்குதல் பற்றிய இலங்கையர் சிந்தனையை அவர் பௌத்தத்தின் தானக் கருத்தினூடாக விளக்குகிறார். மேலைநாட்டு மருத்துவ அறவியல் எங்கும் பொருந்தும் என்னும் எண்ணத்தை இத்தகைய ஆய்வுகள் அசைத்தன; அப்பயன் சிறிதன்று. ஆயினும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலிருந்து நோக்குவோர்க்கு அச்சட்டகம் போதாது. சைவத்தையும் இஸ்லாத்தையும் சேர்த்துக்கொண்டால் குறை தீர்ந்துவிடும் என்பதன்று எமது வாதம்.

தலசீமியாவை நோக்குவோம். தமக்கு நோயின்றி அதன் பரம்பரையலகைத் தாங்குவோர் காவிகள். பெற்றோர் இருவரும் காவிகளாயின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் பிள்ளை கடுநோயுறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அப்பிள்ளைக்கு ஆயுள்முழுதும் குருதியேற்றல் வேண்டும். தாயின் உயிரைக் காத்தற்கன்றிக் கருக்கலைப்பை எமது சட்டம் அனுமதிப்பதில்லை. எனவே தடுப்பின் சுமை திருமணத்தின்மேல் விழுந்தது. காவிகளுக்கு இளஞ்சிவப்பு அட்டை, ஏனையோர்க்குப் பச்சை அட்டை, மணமக்களுள் ஒருவரேனும் பச்சை அட்டையினர் என்பதே பரப்பப்பட்ட முறை.

இங்கு திருமணமென்பது யாது? மூதூர் போன்ற ஊர்களில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகிறது. மணமகன் அவ்வீட்டிற் குடிபுகுகிறான். மச்சான் மச்சாள் மணம் வீட்டையும் வளவையும் உறவுக்குள்ளேயே நிறுத்துகிறது. நெருங்கிய உறவுமணத்தால் இத்தகைய நோய்களின் வாய்ப்பு மிகும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதனை அறியாமையெனக் கண்டிக்கும் பிரசாரம் வளவைப்பற்றி வாய்திறப்பதில்லை. பெண்ணின் கையிலுள்ள இளஞ்சிவப்பு அட்டை சீதனப்பேச்சில் விலைகூட்டும் கருவியாகலாம் என அஞ்சுகிறோம். (ஆணின் அட்டையை எவர் கேட்கப்போகிறார்?)

மார்க்சியரான ஹால்டேன், மலேரியாவுக்கு ஈடுகொடுக்கும் ஆற்றலே தலசீமியாக் காவிகளைப் பெருகச்செய்தது என்னும் கருதுகோளை 1949இல் முன்வைத்தார். பின்வந்த ஆய்வுகள் அதற்கு வலுச்சேர்த்தன. அவ்வாறாயின் காவித்தன்மை குலத்தின் கறையன்று. காய்ச்சல் நிலத்தில் உயிர்பிழைத்தோர் விட்டுச்சென்ற சுவடு. 2016இல் இலங்கை மலேரியாவற்ற நாடெனச் சான்றுபெற்றது. சுவடோ குருதியில் நிலைத்திருக்கிறது. ‘கெட்ட இரத்தம்’ என்னும் வசையும் வழக்கில் நிலைத்திருக்கிறது.

பிள்ளையின் குருதியேற்றலுக்காக நாட்கூலியை இழந்து பேருந்தேறும் தாய் கொடுப்பது எதுவோ, அது தானம் என்னும் சொல்லுள் அடங்குவதில்லை.